கடை விலாசம்

பேராதனைச் சந்தியில் நான் ஏறிய கோச்சி நாவலப்பிட்டியைத் தாண்டியதும் வேகம் குறைந்தது. ரயிலை அங்கே கோச்சி என்றுதான் சொல்கிறார்கள். 2024 பிப்ரவரி, சிவனொளிபாத மலைக்கு ஏறும் பருவம். பெட்டி நிறைய வெள்ளை உடுத்த சிங்களக் குடும்பங்கள், கம்பளிக் குல்லா போட்ட பிள்ளைகள், வாழையிலை வாசனை அடிக்கும் சோற்றுப் பொதிகள். வளைவுக்கு வளைவு பள்ளத்தில் ஓர் ஓடை தெரிந்து மறைந்தது. கலபொட, வட்டவளை, ரொசல்ல என்று சின்னச் சின்ன நிலையங்கள் வந்துபோயின.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நானுஓயாவுக்குப் போகிற மரக்கறி வியாபாரி. "எங்க எறங்குறீங்க?" என்றார். ஹட்டன் என்றேன். "பாதமலைக்கா?" இல்லை, ஹட்டனுக்கே என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "ஹட்டன்ல எறங்குறவங்க எல்லாரும் வேற எங்கயாச்சும் போறவங்கதான். மலைக்கு, மஸ்கெலியாவுக்கு, பொகவந்தலாவைக்கு. ஹட்டனுக்குன்னே வந்த ஆள இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

நான் கூடலூர்க்காரன். எங்கள் தெருவில் பாதி வீடுகள் சிலோனிலிருந்து வந்தவர்களுடையவை. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி கப்பலேறி வந்து, தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களில் அமர்த்தப்பட்டவர்கள். எதிர்வீட்டு அத்தை 1974இல் வந்தவர். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. நாங்கள் அவரை 'சிலோன்கார அத்தை' என்போம். பிறந்த மண்ணில் அவருக்கு 'இந்தியாக்காரி' என்று பெயர் இருந்ததை நான் வளர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அத்தையின் தங்கை அங்கேயே தங்கிவிட்டார். மாதம் ஒரு கடிதம் வரும். தபால்தலை எனக்கு. உறையின் பின்பக்கத்தில் எப்போதும் ஹட்டன் நகரத்து ஜவுளிக்கடை ஒன்றின் விலாசம் இருக்கும். தங்கை அந்தக் கடையிலேயே குடியிருக்கிறார் என்று பல வருடம் நம்பியிருந்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன். "கடையில எங்கடா குடியிருப்பாங்க? லயத்துக்குத் தபால்காரரு வரமாட்டாரு. தோட்டத்து ஆபீசுக்கு வந்தா எப்பக் கைக்குக் கிடைக்கும்னு சொல்ல முடியாது. கடைக்கு வந்தா டவுனுக்குப் போறப்ப வாங்கிக்கலாம்" என்றார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு.

அந்தத் தங்கை இறந்து பத்து வருடமாகிறது. பிள்ளைகள் கொழும்பில் இருக்கிறார்கள். பார்க்க உறவென்று யாரும் இல்லாத ஊருக்கு நான் போனேன். சின்ன வயதில் கண்ட அந்த விலாசம் என்னை விடவில்லை. கிளம்பும்போது அத்தை இரண்டு காரியம் சொல்லி அனுப்பினார். ஹட்டன் மாணிக்கப் பிள்ளையார் கோவிலில் ஒரு தேங்காய் உடைக்க வேண்டும். லயத்துக்குக் கீழே மூங்கில் வைத்த பீலியில் இப்போதும் தண்ணீர் விழுகிறதா என்று பார்த்துவர வேண்டும்.

ஹட்டன் ஒரு மலைமுதுகில் உட்கார்ந்திருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,270 மீட்டர். நிலையத்திலிருந்து மேலேறினால் நேராகக் கடைத்தெரு. ஜவுளிக்கடை, நகைக்கடை, அடகுக்கடை, கருவாட்டுக்கடை, கைபேசிக் கடை. பெயர்ப்பலகைகள் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும். கடைக்குள் மூன்று மொழியும் கலந்து ஓடுகின்றன. ஒரு கடையின் கல்லாவில் இருந்த முஸ்லிம் பெரியவர் சிங்களத்தில் விலை சொல்லித் தமிழில் பேரம் முடித்து இந்தியில் என்னை வரவேற்றார். கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. பஸ் நிலையத்தில் நல்லதண்ணிக்குப் போகும் யாத்திரிகர் கூட்டம் இரவிலும் குறையவில்லை.

நண்பர் ஒருவர் வழியாக ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்குத் துணை கிடைத்தார். எல்லாரும் அவரை 'சேர்' என்றார்கள், நானும் அப்படியே. முதல் நாள் மாலை என்னை ஒரு திருப்பத்தில் நிறுத்தி, இரண்டு கையையும் கூரைபோலச் சேர்த்துக் காட்டினார். "இந்த டவுன் ஒரு கூரை மாதிரிங்க தம்பி. இந்தப் பக்கம் விழுற மழை ஹட்டன் ஓயாவுல சேர்ந்து மகாவலிக்குப் போயிரும். கடைசியில திருகோணமலை. அந்தப் பக்கம், டிக்கோயாவுல விழுறது கெஹெல்கமு ஓயா. அது களனிக்கு. கடைசியில கொழும்பு." நான் கோச்சியில் பார்த்துக்கொண்டே வந்த ஓடை மகாவலியின் தலைப்பக்கம் என்று அப்போதுதான் விளங்கியது. இலங்கையின் இரண்டு பெரிய ஆறுகளுக்கும் நீர் பிரிந்து போகும் மேட்டில் ஒரே நகரசபை. அதன் பெயரும் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான்: ஹட்டன்–டிக்கோயா.

ஊரின் பெயர் ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் இருக்கும் ஒரு சிற்றூரிலிருந்து வந்தது. சுற்றியுள்ள தோட்டங்களின் பெயர்களும் அப்படித்தான், டன்கெல்ட், ஸ்ட்ராத்டன் என்று. காப்பி போட வந்த துரைமார் தங்கள் ஊர்ப்பெயரைக் காட்டுக்கு வைத்தார்கள். 1869இல் காப்பி இலையில் துரு நோய் கண்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். காப்பி அழிய அழியத் தேயிலை மலையேறியது. முதலில் காப்பியையும் பிறகு தேயிலையையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்க வேண்டியே ரயில் பாதையும் ஏறியது: 1874இல் நாவலப்பிட்டி, 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் மலையைக் குடைந்து அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் சிங்கமலைச் சுரங்கம் போட்டார்கள். இந்தப் பாதையில் அதுவே நீளமானது.

ரயில் வந்த நான்காம் வருடம், 1888இல், துரைமாரின் பணத்தேவைக்காக இங்கே ஒரு வங்கி பிறந்தது. ஹட்டன் பேங்க் என்று பெயர். இன்று இலங்கை முழுக்கக் கிளை பரப்பியிருக்கும் ஹட்டன் நஷனல் வங்கியின் வேர் அது. கொழும்பில் அதன் உயரமான கட்டடத்தைப் பார்த்தபோது அந்த முதல் சொல் என் மனதில் பதியவே இல்லை. இந்தத் தெருவில் நின்றபோது பதிந்தது. ஒரு மலைத் தெருவில் தேயிலைக் காசு எவ்வளவு புரண்டிருந்தால் அந்தப் பெயர் நாட்டின் தலைநகர் வரை போயிருக்கும்.

டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி வார்லி தேவாலயம் நிற்கிறது. 1878இல் கட்டியது. சுற்றிலும் துரைமாரின் கல்லறைகள். கல்லில் பெயர், வயது, ஆண்டு. பாசியைத் துடைத்துவிட்டு வாசித்தால் இன்னும் வாசிக்க முடிகிறது. சேர் என்னை அங்கே அதிக நேரம் நிற்க விடவில்லை. "நம்மாளுகளுக்கும் ஒரு விலாசம் போட்டாங்க. பாத்திருக்கீங்களா?" என்று கேட்டபடி நடந்தார்.

அவர் சொன்னது தகர வில்லையை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நடை ஒழிந்தது. மண்டபம் முகாமில் அடைத்துவைத்துச் சோதித்து அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு தகர வில்லை தொங்கியது. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பதற்கான எழுத்தும் எண்ணும் அதில் பொறித்திருக்கும். வழியில் யாரும் பெயர் கேட்க வேண்டியதில்லை. வில்லையைப் பார்த்துச் சரியான நிலையத்தில் இறக்கிவிடலாம். செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறும், பிறகு ஆளின் கடனாக மாறும். இவ்வளவு கச்சிதமாக ஒரு மனிதரைத் தோட்டத்தில் கொண்டு சேர்த்த ஏற்பாடு, நூறு ஆண்டு கழித்தும் அவருக்கு ஒரு கடிதத்தை வீட்டு வாசலில் கொண்டு சேர்க்கவில்லை. அந்தக் கல்லறைத் தோட்டத்திலிருந்து இறங்கிய வழியெல்லாம் எனக்கு இதே நினைப்பு.

ஹட்டனின் அரசியல் கதை பலருக்குத் தெரியாமல் கிடக்கிறது. இலங்கையில் எல்லாருக்கும் வாக்குரிமை வந்த 1931இலேயே, ஹட்டன் தொகுதியிலிருந்து சட்டசபைக்குப் போனவர் மலைத்தோட்டத்தில் பிறந்து கேம்பிரிட்ஜ் வரை படித்த பெரி. சுந்தரம். தொழில் அமைச்சராகவும் ஆனார். 1936இல் அதே தொகுதியில் வென்றவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்க்காரர், பத்திரிகையாளர். கொழும்பில் 'தேசநேசன்', 'தேசபக்தன்' நடத்திவிட்டு ஹட்டனுக்கு வந்து தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் தொடங்கினார். தோட்டத்துக்குள் வெளியாள் கால்வைத்தாலே அத்துமீறல் என்று வழக்குப் போட்ட காலம் அது. அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். சொற்பொழிவு போய்ச் சேராத லயத்துக்கும் பாட்டு போனது. மீனாட்சி அம்மாளுக்கு இந்த ஊரில் ஒரு தெருப்பெயராவது இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் அந்த 1930களிலேயே கதவு சாத்தத் தொடங்கியது. கிராம சபைகளுக்கான சட்டத்தை 1937இல் திருத்தியபோது தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கு அந்தச் சபைகளில் வாக்கில்லாமல் செய்தார்கள். 1947இல் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையும், மஸ்கெலியாவில் ஜி.ஆர். மோத்தாவும் பாராளுமன்றத்துக்கு வென்று போனார்கள். மறு வருடமே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். அதற்கடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. தேர்ந்தெடுத்து அனுப்பிய ஜனங்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒப்பந்தத்தில் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரை இரண்டு அரசுகள் பங்குபோட்டன. இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 லட்சம். மிச்சம் ஒன்றரை லட்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்று வைத்து, 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள்.

அந்தப் பாதிப் பாதி வருடத்தில்தான் அத்தை போனார். தலைமன்னாருக்குப் போகும் கோச்சிக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஹட்டன் மேடையில் நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அத்தை சொல்லியிருக்கிறார்: அக்கா தங்கை இருவரும் கையை விடவில்லை, கோச்சி நகர்ந்தபோதும் தங்கை மேடையின் கோடி வரைக்கும் கூடவே ஓடிவந்தார், ஸ்டேஷன் மாஸ்டர் கத்தியது மட்டும் காதில் விழுந்தது. மேடையின் கோடியில் இப்போது ஒரு பூவரிசை. பாதமலைக்குப் போய்வந்த பையன்கள் அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை தவணை தவணையாக வந்தது. 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியில் தொண்டமான் மறுபடி வென்றார். 1980களில் சில சட்டங்கள், கடைசியாக 2003இல் ஒன்று. 2012 கணக்கெடுப்பில் நுவரெலியா மாவட்டத்தில் 7 லட்சத்துக்கு மேல் ஜனங்கள். பாதிக்கு மேல் மலையகத் தமிழர். அப்போது பட்டியலில் அவர்கள் 'இந்தியத் தமிழர்'.

குடியுரிமை வந்தது, வாக்கு வந்தது. சரி, வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த சபையிடம் போய் லயத்துக்கு ஒரு ரோடு போட்டுக் கொடு என்று கேட்டால்? 2018 வரை முடியாது. இதைச் சேர் விளக்கியபோது நான் நம்பவில்லை. இரண்டு முறை கேட்டேன். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், 33ஆம் பிரிவு. சபையின் பணத்தைக் கிராமங்களுக்குச் செலவு செய்யலாம். தோட்டம் கிராமம் ஆகாது. கம்பனியின் குத்தகை நிலம். ஆகவே தோட்டத்து ஜனங்கள் வாக்குப் போட்டு வென்ற தோட்டத்துப் பிள்ளையே சபையில் உட்கார்ந்தாலும், தான் பிறந்த லயத்துக்கு ஒரு குழாயோ தெருவிளக்கோ சபைக் காசில் போட முடியாது. முப்பது வருடம் இப்படி. 2018இல்தான் திருத்தினார்கள். அதே வருடத் தேர்தலுக்கு முன் இன்னொரு மாற்றமும் நடந்தது. அம்பகமுவ, நுவரெலியா என்று இரண்டே பிரதேச சபைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு லட்சத்துக்கு மேல் ஜனங்கள் என்றிருந்ததை ஆறாகப் பிரித்தார்கள். நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை எல்லாம் தனிச் சபைகள் ஆயின.

"2018ல சட்டம் மாறிச்சு, 2023ல சபையே இல்லாமப் போச்சு" என்றார் சேர். உண்மைதான். உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது, தேர்தல் தள்ளிப்போனது. நான் போன நேரத்தில் நாடு முழுக்கச் சபைகளை அதிகாரிகளே நடத்திக்கொண்டிருந்தார்கள். ஹட்டன் நகரசபையின் உறுப்பினர் நாற்காலிகளும் காலி. வாக்குப் போட்டு அவற்றை நிரப்ப 2025 மே 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் ஊர் தன் பொதுவாழ்வைச் சபையிடம் மட்டும் ஒப்படைத்துவிடவில்லை. பத்தாம் தேதி தோட்டங்களில் சம்பளம். மறுநாள் ஞாயிறு. காலை எட்டு மணிக்கெல்லாம் பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியா பஸ்கள் ஆட்களைக் கொட்டின. தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரிய பெண்கள், கையில் பை, பையில் கடன் குறித்த சிறு நோட்டு. மாவு, அரிசி, பருப்பு, கருவாடு, பிள்ளைக்கு ஒரு ஜோடி சப்பாத்து. அடகுக்கடை வாசலில் ஒரு வரிசை. மீட்க வந்தவர் யார், வைக்க வந்தவர் யார் என்று முகத்தைப் பார்த்தே சேர் சொன்னார். தொழிற்சங்க அலுவலகங்களின் படிக்கட்டிலும் கூட்டம்: சேமலாப நிதிப் படிவம், பிறப்புச் சான்றிதழில் தவறாக விழுந்த பெயர், அடையாள அட்டை. எழுதத் தெரிந்த பிள்ளைகள் அடுத்தவருக்கும் நிரப்பிக் கொடுத்தார்கள். மல்லியப்பு சந்தியில்தான் ஊர்வலங்கள் கூடும். ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு வருடக்கணக்கில் அங்கே நின்றிருக்கிறார்கள். அது 2021இல் கிடைத்தது. அதற்குள் விலைவாசி எங்கோ போய்விட்டிருந்தது. நான் திரும்பி வந்த பிறகு, அந்தச் செப்டம்பரில், 1,350 ஆயிற்று.

நகர எல்லைக்குள் வசிப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். ஊரை ஊராக்குகிறவர்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறார்கள். அன்று அதைக் கண்ணால் பார்த்தேன். அவர்கள் ஏறிப்போனதும் நாலு மணிக்குக் கடைத்தெரு வெறிச்சோடிவிட்டது.

அந்த ஜவுளிக்கடை இன்னும் இருக்கிறது. பலகை புதிது, முதலாளியின் மகன் நடத்துகிறார். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு மரத்தட்டு, அதில் ரப்பர் பட்டை போட்ட கடிதக் கட்டு. வங்கிக் கடிதங்கள், பரீட்சைத் திணைக்களத்து உறைகள், ஒன்றிரண்டு சவூதித் தபால்தலை. "இதுக்கு என்ன வாங்குவீங்க?" என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. "காயிதம் கொடுக்கக் காசு வாங்குறதா? வாப்பா காலத்துல இருந்து இது நடக்குது." நான் கேட்டிருக்கக் கூடாத கேள்வி. ஒரு சேலை வாங்கினேன், அத்தைக்கு.

மறுநாள் மஸ்கெலியா. இந்த மலைகளின் இன்னொரு விளைச்சல் மின்சாரம். களனியின் இரண்டு கைகளான கெஹெல்கமு ஓயாவிலும் மஸ்கெலியா ஓயாவிலும் நீர்மின்சாரம் எடுக்கலாம் என்று 1918லேயே கணக்குப் போட்டுக் காட்டிய பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர. அவர் பெயரில் மின்நிலையம் வந்தது 1965இல். 1969இல் மவுஸ்ஸாக்கலை அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. இன்றைய மஸ்கெலியா மேட்டில் புதிதாகக் கட்டியது. கடும் வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றிலிருந்து தலைகாட்டும். ஜனங்கள் இறங்கிப்போய் விளக்கேற்றுவார்கள். நான் போனபோது நீர் நிறைய இருந்தது. கரையில் டீக்கடை வைத்திருந்த அம்மா, தன் மாமியார் கல்யாணம் முடித்தது அந்தத் தண்ணீருக்கு அடியில் இருக்கும் கோவிலில் என்று கையை நீட்டிக் காட்டினார். நடுவில் ஒரு கொக்கு பறந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது.

சேரோடு பஸ்ஸில் தலவாக்கலைக்கும் போனேன். அங்கே ஆற்றை மறித்து ஊருக்குள்ளேயே அணை. கொத்மலை ஓயா மகாவலிக்குப் போகிற வழியில் 2012 முதல் மின்சாரம் தருகிறது. செயின்ட் கிளேயர் அருவி அதனால் மெலிந்துவிட்டது. எதிர்ப்பக்கம் டெவன் தோட்டம். 1977 மேயில், தோட்டக் காணிகளில் 7,000 ஏக்கரைப் பிரித்து வெளியாருக்குக் கொடுப்பதை எதிர்த்துத் திரண்ட தொழிலாளர்மேல் பொலிஸ் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் இறந்தார். பஸ் அங்கே நிற்காது. வளைவில் திரும்பும்போது சேர் எழுந்து நின்று, திரும்பி முடியும்வரை உட்காரவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை.

கடைசி நாள் அத்தையின் தோட்டம். டிக்கோயாவிலிருந்து ஆட்டோ. காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போன தார் ரோடு, தோட்டத்து எல்லைக்கல்லோடு நின்றது. அப்புறம் கல்லும் குழியும். 2018 திருத்தம் இன்னும் இந்த வளைவு வரைக்கும் வந்து சேரவில்லை.

மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, மட்டம் பார்க்க மட்டக்கம்பு. பதினெட்டு, இருபது கிலோ எடுத்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். எடுக்கிறவர்களில் ஒருவர் வயதும் நாற்பதுக்குக் கீழே இருக்காது. பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும், வளைகுடா வீடுகளிலும். கம்பனித் தோட்டங்களின் தொழிலாளர் தொகை ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. துரை பங்களாக்கள் சில உல்லாச விடுதிகளாகிவிட்டன.

அத்தையின் லயம் நின்றுகொண்டிருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒட்டுத் திண்ணை, தகரக் கூரைமேல் கல்லும் பழைய டயரும். சுவர்ச் சுண்ணாம்பில் மட்டும் எழுபது வருடக் கனம் இருக்கும். கீழே இறங்கினால் பீலிக்கரை. மூங்கில் இருந்த இடத்தில் இப்போது கறுப்புப் பிளாஸ்டிக் குழாய். தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, கையை வைத்தால் விரல் மரத்துப்போகிற குளிர். பக்கத்தில் ஒரு பெண் துணி அலசிக்கொண்டிருந்தார். கைபேசியில் படம் பிடித்து அத்தைக்கு அனுப்பினேன். அரைமணி கழித்து அவர் குரல் வந்தது: "தண்ணி சத்தம் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அனுப்புடா."

அலசிக்கொண்டிருந்த அக்கா எங்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். லயத்துக்கு மேலே புதுக் குடியிருப்பு, இந்திய அரசு உதவியில் கட்டியது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஏழு பேர்ச்சஸ் நிலம், நம் கணக்கில் நாலு சென்டுக்குச் சற்று மேல். 550 சதுர அடி வீடு. வாசலில் ரோஜா, பின்னால் போஞ்சிக் கொடி. "சொந்த மண்ணுல போஞ்சி போட்டிருக்கேன்" என்று கொடியைத் தூக்கிக் காட்டினார். ரொட்டியும் கட்டச் சம்பலும் பிளேன்டீயும் கொடுத்தார். மகள் ஹட்டனில் உயர்தரம் படிக்கிறாள். காலை ஐந்தரைக்கு எழுந்து அந்தக் குழிப்பாதையில் இரண்டு மைல் நடந்தால்தான் பஸ். பல்கலைக்கழகம் கிடைத்தால் பேராதனை, இல்லையென்றால் கொட்டகலைப் பக்கம் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி என்று திட்டம் வைத்திருந்தாள். "மலை?" என்று அம்மாவைப் பார்த்தேன். "மலை என்னோட முடியட்டுங்க" என்றார்.

கிளம்பும்போது, எடுத்த படங்களை அச்சுப் போட்டு அனுப்புகிறேன், விலாசம் சொல்லுங்கள் என்று நோட்டைத் திறந்தேன். அக்கா தன் பெயரைச் சொன்னார். பிறகு தயங்காமல் ஹட்டன் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையின் பெயரைச் சொன்னார். எழுதினேன். மகள் உள்ளேயிருந்து வந்து என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். கடை விலாசத்தை அடிக்கவில்லை. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, மறுபடியும் அம்மாவின் பெயர், கதவில் பெயின்டால் எழுதியிருந்த வீட்டு எண், குடியிருப்பின் புதுப் பெயர், டிக்கோயா என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

"ரெண்டுக்கும் ஒவ்வொன்னு அனுப்புங்க மாமா" என்றாள். "எது முதல்ல வருதுன்னு பார்ப்போம்."